மறைந்துபோன பெனடிக்ட் சபை மடம் ஒன்றைத் தேடிக் கண்டறியும் முறை

எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், 1536 முதல் 1540 வரை, இங்கிலாந்தின் ஏறத்தாழ 800 துறவு மடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அவற்றுள் சிலவற்றின் சுவர்கள் இன்றும் வானம் பார்த்து நிற்கின்றன. சில, ஊர்க் கோயில்களாக மாறிப் பிழைத்துக்கொண்டன. ஆனால் கணிசமான மடங்கள் கல்மேல் கல் இல்லாதபடி மறைந்தன. அத்தகைய ஒரு மடம் எங்கே இருந்தது, எப்படி இருந்தது, யார் அதில் வாழ்ந்தார்கள் என்று தேட விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். இங்கிலாந்தில் வசிப்பவர்கள் நேரில் சென்று தேடலாம். வெளியில் இருப்பவர்களும் பெரும்பகுதி வேலையை இணையத்தின் வழியாகவே செய்து முடிக்கலாம், ஏனெனில் தேடலின் முதல் பாதி மண்ணில் நடப்பதன்று.

எடுத்துக்காட்டாகக் கோவென்ட்ரி நகரத்துப் புனித மரியாள் மடத்தைக் கொள்கிறேன். நடு இங்கிலாந்தின் மெர்சியா பகுதிப் பிரபு லியோஃப்ரிக்கும் அவர் மனைவி கொடைவாவும் 1043ஆம் ஆண்டில் நிறுவியதாகச் சொல்லப்படும், புனித பெனடிக்டின் ஒழுங்கைப் பின்பற்றிய பெனடிக்ட் மடம் அது. 1102ஆம் ஆண்டில் ஆயர் ராபர்ட் டி லிம்சி தம் இருக்கையை அங்கே மாற்றியபின் மடத்தின் ஆலயமே பேராலயமும் ஆனது. 1539 ஜனவரியில் மடம் சரணடைந்தது. பிறகு ஆலயம் இடிக்கப்பட்டது. மடக் கலைப்பின்போது இங்கிலாந்தில் இடித்துத் தள்ளப்பட்ட பேராலயம் இது ஒன்றே. சுமார் 130 மீட்டர் நீளமுள்ள ஒரு கட்டடம் ஒரு நகரத்தின் நடுவிலிருந்தே மறைய முடியும் என்றால், வயல்வெளியில் பன்னிரண்டு துறவியரோடு இருந்த சிறு மடம் மறைந்ததில் வியப்பில்லை.

எந்த வகை மடம் என்பதை முதலில் உறுதிசெய்க

பிரையரி (பிரையர் என்ற தலைவரின்கீழ் இயங்கிய மடம்) என்ற பெயரை மட்டும் வைத்து ஒரு மடத்தைப் பெனடிக்ட் சபைக்கு உரியது என முடிவு செய்யக் கூடாது. அகஸ்டீனியர், க்ளூனி சபையினர் ஆகியோரின் மடங்களும் அப்பெயரைத் தாங்கின. பெனடிக்ட் சபைக்குள்ளும் மூன்று நிலைகள் உண்டு. பெரிய ஆபியின் (மடாதிபதியின்கீழ் இயங்கிய பெருமடத்தின்) கிளையாக, அதன் தலைவருக்குக் கட்டுப்பட்டு இயங்கியவை ஒரு வகை. வாலிங்ஃபர்டில் இருந்த மடம் புனித ஆல்பன்ஸ் ஆபியின் கிளையாக இருந்தது. நார்மண்டி போன்ற கடல் கடந்த பகுதிகளின் மடங்களுக்கு உரியவை இரண்டாம் வகை. ஆயரின் பேராலயத்தைத் துறவியரே நடத்திய கோவென்ட்ரி, காண்டர்பரி, டர்ஹம் போன்றவை மூன்றாம் வகை. அங்கே ஆயரே பெயரளவில் மடாதிபதி, அன்றாடம் ஆண்டவர் பிரையர்.

இந்த வேறுபாடு தேடலுக்கு இன்றியமையாதது, ஏனெனில் மடம் எப்படி மூடப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் ஆவணங்கள் கிடைக்கும் இடம் அமைகிறது. அயல்நாட்டு மடங்களுக்கு உரியவை 1414ஆம் ஆண்டளவில் அரசுடைமையாகின. வாலிங்ஃபர்டு, வெஸ்ட் ப்ராமிச் அருகிலுள்ள சாண்ட்வெல் போன்ற சிலவற்றைக் கர்தினால் வுல்ஸி 1525ஆம் ஆண்டளவிலேயே மூடி, அவற்றின் வருமானத்தை ஆக்ஸ்ஃபர்டில் தாம் தொடங்கிய கல்லூரிக்குத் திருப்பினார். ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்தவை 1536ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்தன. எஞ்சிய பெரியவை 1540க்குள் 'தாமாக' ஒப்படைத்ததாக ஆவணங்கள் கூறும். அந்த ஒப்படைப்புப் பத்திரங்களில் துறவியர் வரிசையாக இட்ட கையெழுத்துகளைப் பார்க்கும்போது, அச்சொல்லை நம்புவது எனக்குக் கடினமாகவே இருக்கிறது.

ஆவணங்களை வாசிக்கும் வரிசை

மடத்தை நிறுவிய கொடைப் பத்திரத்திலிருந்து தொடங்கவே எவருக்கும் தோன்றும். நான் அதற்கு மாறாக, முடிவிலிருந்து பின்னோக்கிச் செல்லும்படி பரிந்துரைக்கிறேன். மடம் மூடப்பட்டவுடன் அதன் நிலங்களை நிர்வகிக்க 1536ஆம் ஆண்டில் ஒரு தனி அரசு அலுவலகமே அமைக்கப்பட்டது. கூரை ஈயத்தின் எடை, மணிகளின் எண்ணிக்கை, குத்தகைதாரரின் பெயர், எந்தக் கட்டடத்தை விட்டுவைப்பது, எதை இடிப்பது போன்ற விவரங்கள் அதன் கணக்குகளில் பதிவாயின. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை உள்ளன. அதற்கு ஒரு படி முன்னே 1535ஆம் ஆண்டின் திருச்சபைச் சொத்து மதிப்பீடு இருக்கிறது. மடத்துக்கு எந்த ஊரில் எவ்வளவு வருமானம் வந்தது என்பதை அதில் காணலாம். அது 19ஆம் நூற்றாண்டில் அச்சிலும் வந்துவிட்டது. அதற்கு முன்னே, திருத்தந்தை நான்காம் நிக்கோலஸ் காலத்தில் 1291ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்ட வரிக் கணக்கு. எல்லாவற்றுக்கும் முன்னே 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பு. அதில் கோவென்ட்ரி, கொடைவா சீமாட்டியின் நிலங்களுள் ஒன்றாகப் பதிவாகியுள்ளது, அவர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இறந்திருந்தபோதிலும்.

பின்னோக்கி வாசிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற்கால அரசுக் கணக்குகளை எழுதியவர்களுக்குப் பணமே குறிக்கோள். அதனால் அவை பெரும்பாலும் நம்பத்தக்கவை. முற்காலக் கொடைப் பத்திரங்களோ அப்படியல்ல. கோவென்ட்ரி மடத்தை நிறுவிய 1043ஆம் ஆண்டுப் பத்திரம் என்று வழங்கிவந்ததைப் பிற்காலத்தில் உருவாக்கப்பட்ட போலி என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். இதைக் கண்டு துறவியரை வஞ்சகர்கள் எனத் தள்ளிவிட வேண்டியதில்லை. 12ஆம் நூற்றாண்டில் நிலத்துக்கான எழுத்துச் சான்றை நீதிமன்றங்கள் கேட்கத் தொடங்கியபோது, வாய்மொழியாகவும் வழக்கமாகவும் அனுபவித்துவந்த உரிமைக்குப் பழைய தேதியிட்டுப் பத்திரம் எழுதிக்கொண்ட மடங்கள் பல. ஆகவே போலிப் பத்திரத்தையும் விலக்காமல், அது எந்தக் காலத்துக் கையெழுத்தில் உள்ளது, எந்த நிலத்தைக் குறிப்பாக வலியுறுத்துகிறது, அந்தச் சமயத்தில் அந்த நிலத்தின்மேல் கண் வைத்திருந்தவர் யார் என்று கேட்க வேண்டும். 11ஆம் நூற்றாண்டைப் பற்றிப் பொய் சொல்லும் பத்திரம், 12ஆம் நூற்றாண்டின் அச்சத்தைப் பற்றி உண்மை சொல்கிறது.

சச்சரவு ஆவணங்களைத் தவறாமல் தேடுங்கள். இடத்தைத் துல்லியமாக விவரிக்க வேண்டிய தேவை வழக்கில்தான் எழுகிறது: யாருடைய சுவர், எந்தப் பாதை, எந்த ஆலையின் நீர் என்றெல்லாம் அங்கே எழுதியாக வேண்டும். கோவென்ட்ரி நகரம் பிரையரின் பாதி, பிரபுவின் பாதி என இரண்டாகப் பிரிந்து பல தலைமுறைகள் மோதிக்கொண்டது. பிரபுவின் பாதியை அப்போது வைத்திருந்த அரசி இசபெல்லா, பிரையர், நகர மேயர் ஆகிய முத்தரப்பும் 1355ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்படிக்கை அதைத் தீர்க்கும் முயற்சி. போரின் தடங்களும் மண்ணில் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். 1143ஆம் ஆண்டளவில் ராபர்ட் மார்மியன் என்ற குறுநிலத் தலைவர் கோவென்ட்ரித் துறவியரை விரட்டிவிட்டு ஆலயத்தையே கோட்டையாக்கி, சுற்றிலும் பள்ளங்கள் வெட்டினார். சண்டையில் தாம் வெட்டிய பள்ளத்திலேயே விழுந்து கொல்லப்பட்டார் என்று அக்கால வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. ஆலயத்தின் அருகே காரணம் புரியாத அகழி தென்பட்டால், இத்தகைய நிகழ்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாள் ஒழுங்கிலிருந்து கட்டடத்தை வரைதல்

இந்தத் தேடலின் உயிர்நாடி இதுதான். பெனடிக்ட் சபைத் துறவியின் நாள், 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்குநூலால் வகுக்கப்பட்டது. நள்ளிரவு கடந்து எழுந்து செபிக்க வேண்டும் என்பதால் படுக்கைக்கூடம் ஆலயத்தை ஒட்டி, மாடியில், நேரே ஆலயத்துக்குள் இறங்கும் படிக்கட்டுடன் அமைந்தது. ஒழுங்குநூலின் ஓர் அதிகாரத்தை நாள்தோறும் வாசித்துக் குற்றங்களை அறிக்கையிடும் பேரவைக் கூடம் படுக்கைக்கூடம் இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில், உள்முற்றத்தின் கிழக்குப் பக்கத்தில் இருந்தது. உணவுக்கூடம் சமையல் புகையும் இரைச்சலும் செபத்தைக் கலைக்காதபடி ஆலயத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. தானியமும் மதுவும் வெளியிலிருந்து வந்து இறங்கும் களஞ்சியம் மேற்குப் பக்கத்தில் இருந்தது. நோயாளிகளுக்கான இல்லம் கிழக்கே சற்றுத் தள்ளி இருந்தது. ஆகவே உறுதியாக ஒரே ஒரு மூலை கிடைத்தாலும், தாளில் மற்ற மூன்று மூலைகளையும் உத்தேசமாக வரைந்துவிடலாம்.

ஆனால் உள்முற்றம் ஆலயத்தின் தெற்கில் இருக்கும் என்ற பொது விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. குளிர் நாட்டில் வெயில் வேண்டும் என்பதால் தெற்கையே விரும்பினார்கள் என்பது உண்மை. எனினும் கோவென்ட்ரி, காண்டர்பரி, கிளஸ்டர், செஸ்டர் ஆகிய இடங்களில் அது வடக்கே அமைந்தது. கோவென்ட்ரியில் நிலம் தெற்கிலுள்ள மேட்டிலிருந்து வடக்கே ஷெர்போர்ன் ஆற்றை நோக்கிச் சரிகிறது. கைகழுவும் தொட்டிக்கும் சமையலறைக்கும் நீர் வேண்டும். கழிப்பறைக் கட்டடத்தின் அடியில் ஓடை ஓடியாக வேண்டும். வெயிலா நீரா என்ற போட்டியில் நீர் வெல்வதை மீண்டும் மீண்டும் காணலாம். ஆகவே வரைபடத்தில் நான் முதலில் தேடச் சொல்வது ஆலயத்தை அன்று, நீரோட்டத்தை. எங்கிருந்து சுத்த நீர் வந்திருக்கும், எங்கே கழிவு வெளியேறியிருக்கும் என்று சரிவுக் கோடுகளைப் பார்த்துத் தீர்மானித்தபின், கட்டடங்கள் பெரும்பாலும் தாமே உரிய இடத்தில் வந்து அமர்ந்துவிடும்.

இதே காரணத்தால், துறவியர் கன்னியர் மடத்துக்குப் போகச் சுரங்கப்பாதை வைத்திருந்தார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதையை அலட்சியம் செய்யாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஆள் குனிந்து நடக்கும் உயரத்தில் கல்லால் கட்டப்பட்ட மடத்தின் பெருங்கால்வாயை எவரோ எப்போதோ கண்டதிலிருந்தே இத்தகைய கதைகள் பெரும்பாலும் பிறக்கின்றன. கதை பொய், கால்வாய் மெய்.

வரைபடமும் வானமும்

1836ஆம் ஆண்டின் தசமபாகச் சட்டத்துக்கு (விளைச்சலில் பத்திலொன்றைத் திருச்சபைக்குச் செலுத்தும் கடமை பற்றியது) பின் ஊர்தோறும் வரையப்பட்ட நில வரைபடங்கள் அரிய செல்வம். ஒவ்வொரு வயலுக்கும் எண்ணும், இணைந்த பட்டியலில் அதன் பெயரும் இருக்கும். துறவியரையோ மீன்குளத்தையோ குறிக்கும் வயற்பெயர்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். அடுத்து பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் 19ஆம் நூற்றாண்டு வரைபடங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்துக்கு உரியவற்றையும் இலவசமாகக் காணலாம். நேரே செல்ல வேண்டிய தெரு காரணமின்றி வளைந்து செல்கிறதா, நெடுங்காலம் ஒரே எல்லையாக இருந்த வேலி வரிசை ஏதேனும் உண்டா என்று பாருங்கள். மடத்தின் மதில் போனபின்பும் அதன் கோடு சொத்து எல்லையாக வாழ்ந்துகொண்டிருக்கும். 'ஆபி' என்று பெயர் சூட்டப்பட்ட மாளிகைகளைக் கண்டு ஏமாற வேண்டாம். 18, 19ஆம் நூற்றாண்டுகளின் பழமை மோகத்தில் அப்பெயர் பெற்றவை ஏராளம்.

சுற்றுச்சூழல் முகமையின் லைடார் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. விமானத்திலிருந்து லேசர் ஒளியால் நிலமட்டத்தை அளக்கும் இம்முறை, புல்வெளியில் கண்ணுக்கே தெரியாத ஓர் அடி உயர மேட்டையும், வற்றிய மீன்குளத்தின் கரையையும் நிழற்கோடாகக் காட்டும். வறண்ட கோடையில் எடுத்த வான்படங்களையும் தேடுங்கள். 1976, 2018 ஆகிய ஆண்டுகளின் கோடைகள் இதற்குப் பேர்பெற்றவை. புதைந்த சுவரின்மேல் வளரும் பயிருக்கு ஈரம் போதாமல் முன்னதாகவே வெளிறும். புதைந்த பள்ளத்தின்மேல் வளர்வது நெடுநாள் பசுமையாக நிற்கும்.

நிலத்தில் கால் வைக்கும் முன்

உள்ளூர் ஆட்சியமைப்பு பராமரிக்கும் வரலாற்றுச் சூழல் பதிவேட்டில் அந்த இடத்தைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டுப் பெறுங்கள். அது 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக இருந்தால், தோண்டுவது மட்டுமன்று, அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியைக் கொண்டு நடப்பதும், புவி இயற்பியல் அளவாய்வு செய்வதும் குற்றமாகும். பாதுகாக்கப்படாத நிலமானாலும் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். பொன், வெள்ளிப் பொருள்கள் கிடைத்தால் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மனித எலும்புகள் தென்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்தி, நீதி அமைச்சகத்தின் உரிமம் பெற்ற பின்பே தொடரலாம். அவர்கள் உயிர்த்தெழுதலை எதிர்நோக்கிக் கிழக்கே கால் நீட்டிக் கிடத்தப்பட்டவர்கள் என்பதை மறவாமல் நடந்துகொள்வது சட்டத்துக்கும் மேலான கடமை என்று கருதுகிறேன்.

அளவாய்வுக் கருவிகளில், கற்சுவரைத் தேட மின்தடை அளவாய்வு ஏற்றது. காந்த அளவாய்வு சூளை, உலைக்களம், அகழி ஆகியவற்றை நன்றாகக் காட்டும். நகரத்தில் தளக்கல்லின் அடியில் தேட வேண்டுமானால் நிலத்தை ஊடுருவும் ராடாரைத் தவிர வேறு வழி குறைவு. கருவி வாடகைக்கும் பயிற்சிக்கும் அருகிலுள்ள தொல்லியல் சங்கத்தை அணுகுவதே நல்லது.

சுவர் இல்லாத இடத்தில் சுவரைப் படித்தல்

அகழாய்வில் சேர வாய்ப்புக் கிடைத்தால், சுவரை எதிர்பார்த்துப் போகாதீர்கள்; சுவர் பெயர்க்கப்பட்ட பள்ளத்தை எதிர்பார்த்துப் போங்கள். மடம் மூடப்பட்டபின் வெட்டுக்கல் ஊராரின் செல்வமாயிற்று. அடித்தளம் வரை தோண்டி நல்ல கல்லை எடுத்துக்கொண்டு, பயன்படாததை அதே பள்ளத்தில் தள்ளி மூடினார்கள். வெட்டுமுகத்தை ஈரம் தெளித்துக் கரண்டியால் வழித்துப் பார்த்தால், இருபுறமும் செம்மண்ணோ களிமண்ணோ இருக்க, நடுவே நேர்க்கோட்டில் வெளிறிய பட்டை ஒன்று இறங்குவது தெரியும். அதை விரலால் நொறுக்கினால் சுண்ணாம்புச் சாந்துத் தூள், மணற்குருணை, உடைந்த கூரைக்கல், இடையே ஒரு துண்டு பூச்சு. அந்தப் பட்டையின் அகலமே ஏறத்தாழச் சுவரின் அகலம். அதன் விளிம்புகளைக் குச்சி நட்டு நூல் கட்டித் தொடர்ந்தால், ஒரு கல்கூட இல்லாத ஆலயத்தின் தரைப்படத்தை முழுமையாக வரைந்துவிடலாம். நிரப்பு மண்ணில் கிடைக்கும் மிகப் பிந்தைய பானை ஓட்டுத் துண்டு எந்தக் காலத்தையதோ, அதற்கு முன்னால் அந்தச் சுவர் பெயர்க்கப்பட்டிருக்க முடியாது. எல்லாச் சுவர்களும் 1539ஆம் ஆண்டிலேயே வீழ்ந்தன என்று முன்கூட்டி எழுதிவிடாமல் இருக்க இது உதவும். இடிப்பு பல இடங்களில் தலைமுறைகள் நீண்டது.

கறுத்த, தகடு போன்ற சில்லுகளை மண்கட்டி என எறிந்துவிடாதீர்கள். இடைக்கால ஜன்னல் கண்ணாடி மரச்சாம்பல் உப்பால் உருக்கப்பட்டது. மண்ணில் ஈரம்பட்டுப் படிப்படியாகச் சிதைந்து ஒளிபுகாத பழுப்பு ஏடாகிவிடும். விளிம்பைக் கவனியுங்கள். வைரத்தால் அறுத்த நேர்வெட்டு அதில் இருக்காது. இரும்புக் கொக்கியால் சிறிது சிறிதாகக் கொத்தி வடிவமைத்ததால் எலி கடித்தது போன்ற விளிம்பு இருக்கும். சாய்வெளிச்சத்தில் பிடித்தால், பூச்சு உதிர்ந்தபின்பும் தூரிகைக் கோடு மெல்லிய மேடாக நிற்பது சிலவேளை தெரியும்: ஒரு மடிப்பு, ஓர் இலை, ஒரு கண். இத்தகைய சில்லுகளைக் காயவிடக் கூடாது. ஈரத்தோடு பாதுகாத்து உடனே பராமரிப்பு வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டும்.

கோவென்ட்ரியில் 1999ஆம் ஆண்டு தொடங்கிய பெரும் அகழாய்வில், உள்முற்றத்தின் வடபுறக் கட்டடத்தின் நிலவறைகள் கூரையிழந்தும் சுவரோடு வெளிப்பட்டன. சரிவு நிலத்தில் உணவுக்கூடத்தைச் சமமாக நிறுத்த அடியில் அறைகள் கட்ட வேண்டியிருந்தது. இடித்தவர்கள் மேலேயுள்ளதை வீழ்த்தி அந்த ஆழத்தை நிரப்பியதால் அவை காப்பாற்றப்பட்டன. பேரவைக் கூடத்தின் பகுதியிலிருந்து திருவெளிப்பாட்டு நூலின் காட்சி தீட்டப்பட்ட கல் ஒன்று கிடைத்தது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியின் பேரவைக் கூடத்திலும் அதே நூலின் காட்சிகள் சுவரோவியமாக உள்ளன. இரண்டும் பெனடிக்ட் சபை இல்லங்கள். ஒரே ஒரு கல்லைக் கொண்டு இரு மடங்களின் ஓவியர்களையும் சிந்தனையையும் ஒப்பிடும் வாய்ப்பு பிறந்தது. ஆழமான இடங்களை, நிலவறை, கால்வாய், கிணறு, மீன்குளம் ஆகியவற்றைத் தேடச் சொல்வது இதனாலேயே. உயர்ந்து நின்றவை அனைத்தும் போயின; தாழ்ந்திருந்தவை தங்கின.

ஊர்க் கட்டடங்களையும் சுற்றிப் பார்க்க வேண்டும். பண்ணை வீட்டுச் சுவரிலோ, தொழுவத்திலோ, பாலத்தின் அடியிலோ வளைவு வேலைப்பாடுள்ள கல் பதிந்திருந்தால், அளவுகோல் வைத்துப் படமெடுத்து, உரிமையாளரின் சம்மதத்தோடு அதன் விளிம்புவெட்டை ஈயக் கம்பியாலோ, சீப்புப் பற்கள் போல நகரும் ஊசிகள் கொண்ட சீப்பளவியாலோ எடுத்துக்கொள்ளுங்கள். வளைவுகளின் வெட்டு காலத்துக்குக் காலம் மாறியதால், அதிலிருந்து ஏறத்தாழ எந்த அரைநூற்றாண்டில் ஆலயத்தின் எந்தப் பகுதி எழுந்தது என்று சொல்ல முடியும். கல் அந்த ஊரின் பாறை வகையைச் சேர்ந்ததா, வேறு சுரங்கத்திலிருந்து வந்ததா என்பதையும் எழுதி வையுங்கள்.

பதிவு

ஒவ்வொரு குறிப்புக்கும் மூன்று நிலை வகுத்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்: கண்ணால் கண்டது, ஆவணம் சொல்வது, நீங்கள் ஊகித்தது. மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்ட உள்ளூர் வரலாறுகள் எண்ணற்றவை. அடுத்து வருபவர் எதை நம்பலாம் எனத் தெரியாமல் எல்லாவற்றையும் மறுபடி தொடக்கத்திலிருந்து தேட நேர்கிறது. வரைபடத்தில் உறுதியான சுவரை முழுக்கோடாகவும், பெயர்த்த பள்ளத்தை இரட்டைப் புள்ளிக்கோடாகவும், ஊகத்தை ஒற்றைப் புள்ளிக்கோடாகவும் வரையுங்கள். எதுவும் கிடைக்காத குழிகளையும் அளவோடு குறிக்க வேண்டும், மதில் அந்தப் பக்கம் செல்லவில்லை என்பதற்கு அவையே சான்று. வேலை முடிந்ததும் அறிக்கையின் ஒரு படியை வரலாற்றுச் சூழல் பதிவேட்டுக்கும், ஒரு படியை மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கும் அனுப்புங்கள். கண்டெடுத்த பொருள்களை எந்த அருங்காட்சியகம் ஏற்கும் என்பதை அகழாய்வு தொடங்கும் முன்பே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். இடமில்லை என்று மறுக்கும் அருங்காட்சியகங்கள் இன்று மிகுதி.